வரி கேட்பவர்கள் உரிமையையும் தர வேண்டும்

மும்பை மாநகராட்சியின் 2025-26ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2025 பிப்ரவரி 4ஆம் தேதி வெளியானது. மொத்தம் 74,427 கோடி ரூபாய். முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டைவிட 14 சதவீதம் அதிகம். நாட்டில் வேறு எந்த மாநகராட்சியும் இவ்வளவு பெரிய தொகையைக் கையாளுவதில்லை. அந்த ஆண்டில் எவற்றுக்கு முதலிடம் என்பதை அப்போது ஆணையராக இருந்த பூஷண் கக்ராணி தெளிவாகவே சொல்லியிருந்தார். வெர்சோவாவிலிருந்து தஹிசர் வரை செல்லும் கடற்கரைச் சாலைக்கு 4,300 கோடி, கோரேகாவ்-முலுண்ட் இணைப்புச் சாலைக்கு 1,958 கோடி, தெருக்களை கான்கிரீட் சாலைகளாக்கும் பணி உள்ளிட்ட சாலைத் துறைக்கு 5,100 கோடி. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் பெருந்தொகை ஒதுக்கப்பட்டுள்ளது.

இத்தனை பெரிய எண்களுக்கு நடுவே ஒரு சிறிய அறிவிப்பும் இருக்கிறது. மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் அதை நின்று படிக்க வேண்டும். மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுமார் இரண்டரை லட்சம் கட்டுமானங்கள் உள்ளனவாம். அவற்றில் குறைந்தது ஐந்தில் ஒன்று, அதாவது 50,000 இடங்கள், கடையாகவும் கிடங்காகவும் பட்டறையாகவும் ஓட்டலாகவும் இயங்குகின்றனவாம். இனி அவற்றுக்குச் சொத்து வரி விதிக்கப்படும் என்றது அந்த அறிவிப்பு. அதன் வழியாக 350 கோடி ரூபாய் கிடைக்கும் என்று மாநகராட்சி எதிர்பார்த்தது.

350 கோடியை 50,000 இடங்களுக்குப் பிரித்துப் பார்த்தால், சராசரியாக ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 70,000 ரூபாய் வருகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 5,800 ரூபாய். பெரிய கிடங்குக்குக் கூடுதலாகவும் சிறிய கடைக்குக் குறைவாகவும் இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்தச் சராசரியே பல குடும்பங்களின் வயிற்றில் புளியைக் கரைக்கப் போதுமானது.

வரி என்ற கொள்கையை நாம் எதிர்க்கவில்லை. அதைக் கேட்கும் விதத்தையும் நேரத்தையும் எதிர்க்கிறோம். வரி கட்டுபவருக்கு அந்த இடத்தின் மீது என்ன உரிமை, கட்டிய பணத்துக்கு என்ன சேவை, அவர் சார்பில் கேள்வி கேட்க யார் என்ற மூன்றுக்கும் எழுத்தில் விடை வராதவரை இந்த வரியை மாநகராட்சி நிறுத்தி வைக்க வேண்டும்.

மாநகராட்சியின் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, மாநகராட்சியின் மிகப் பெரிய வருவாயாக இருந்த ஆக்ட்ராய் எனும் சரக்கு நுழைவு வரி மறைந்தது. அதற்கு ஈடாக மாநில அரசு தரும் 14,000 கோடிக்கு மேற்பட்ட தொகையை நம்பித்தான் இன்று நகரம் ஓடுகிறது. இன்னொருவர் தரும் பணத்தில் ஓடும் நிர்வாகம் சொந்தக் காலில் நிற்க வழி தேடுவது இயல்பே. மாட்டுங்காவில் கட்டடத்தின் தரைத் தளத்தில் கடை வைத்திருப்பவர் பல ஆண்டுகளாக வரி கட்டுகிறார். தாராவியின் 90 அடி சாலையில் அதைவிடப் பெரிய கடையை நடத்துபவர் ஏன் கட்டக்கூடாது என்று அவர் கேட்டால் அதில் தவறில்லை. பத்துப் பதினைந்து இடங்களைப் பிடித்து வாடகைக்கு விட்டு உட்கார்ந்து சம்பாதிப்பவர்களும் குடிசைப் பகுதிகளில் உண்டு. அவர்களுக்காக நாம் வாதாட வரவில்லை.

நாம் பேசுவது மற்றவர்களைப் பற்றி. பத்தடிக்குப் பதினைந்தடி அறையில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாவு ஊற்றி, விடிவதற்குள் இட்லிப் பானையைச் சைக்கிளில் ஏற்றி நகரத்தின் நாலா பக்கமும் அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு கூலிக்குத் தைப்பவர்கள், தோல் பைக்கும் பர்சுக்கும் பசை தடவி மடிப்பவர்கள், தாராவியின் 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர்கள் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் கீழே தொழில், இரும்பு ஏணி ஏறினால் மேலே குடித்தனம். பகலில் பட்டறையாக இருக்கும் அதே அறை இரவில் படுக்கையறை ஆகிறது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? வீடென்றா, வணிகமென்றா? வாடகைக்கு இருப்பவரானால் வரி உரிமையாளர் தலையிலா, குடியிருப்பவர் தலையிலா? உரிமையாளருக்கு விதித்தாலும் அடுத்த மாத வாடகையில் அது ஏறிவிடும் என்பது தாராவியில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் மும்பையில் 500 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்குச் சொத்து வரி கிடையாது. நல்ல முடிவுதான். அதனால் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கோடிக்கு மேல் விலை போகும் 480 சதுர அடி வீட்டின் உரிமையாளர் சொத்து வரி கட்டுவதில்லை. ஆனால் 150 சதுர அடியில் இட்லி அவிப்பவர் இனிக் கட்ட வேண்டும். வீடு வேறு, வணிகம் வேறு என்று சட்டம் சொல்லலாம். சிறு வீட்டுக்குக் காட்டிய கருணையின் காரணம், சிறு இடத்தில் வாழ்பவரின் தாங்கும் சக்தி குறைவு என்பதுதானே? அந்தக் காரணம் சிறு பட்டறைக்கும் பொருந்தும். குடும்பமே உழைக்கும் சிறு தொழிலிடங்களுக்கு ஒரு பரப்பளவு வரம்பு வைத்து முழு விலக்கு தருவதே நேர்மையான வழி.

அடுத்தது இன்னும் கடுமையான கேள்வி. வரி ரசீது கையில் வந்தால் அதற்கு மதிப்பென்ன? மாட்டுங்காவில் சொத்து வரி ரசீது என்பது ஒருவர் அந்த இடத்தில் இருப்பதற்கான முதல் சான்றுகளில் ஒன்று. குடிசைப் பகுதியில் அப்படி இல்லை. அனுமதியில்லாத கட்டுமானத்துக்கு வரி வசூலிப்பதால் அந்தக் கட்டுமானம் முறைப்படுத்தப்பட்டதாக ஆகாது என்பதே மாநகராட்சிச் சட்டத்தின் நிலை. அதாவது, பணம் வாங்கும்போது அது வணிக இடம். உரிமை கேட்கும்போது அது ஆக்கிரமிப்பு.

வேறு காலமாக இருந்தால் இதைச் சட்ட நுணுக்கம் என்று விட்டுவிடலாம். இன்று விட முடியாது. தாராவி மறுசீரமைப்புக்கான வீடு வீடான கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் வென்ற திட்டம் இது. 2000 ஜனவரி 1க்கு முன்பு தரைத் தளத்தில் குடியிருந்ததாக நிரூபிப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. அதற்குப் பிறகு, 2011க்குள் வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. மேல் தளத்தில் இருப்பவருக்கு வெளியே வாடகை வீடு. ஒரு காகிதத்தில் இருக்கும் தேதி ஒரு குடும்பம் எங்கே வாழும் என்பதைத் தீர்மானிக்கும் நேரம் இது. குடிசைவாசிக்கான போட்டோ பாஸ், மின்சார பில், கடைக்கான குமாஸ்தா லைசென்ஸ் என்று கிடைத்த காகிதத்தையெல்லாம் பாலித்தீன் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்கள் மக்கள். இந்த நேரத்தில் மாநகராட்சி வந்து அவர்கள் இடத்தை அளந்து, தொழிலை எழுதி, வரி போட்டுப் போனால் அந்தப் பதிவு மறுசீரமைப்பு அலுவலகத்தில் அவர்களுக்கு ஆதரவாகப் பயன்படுமா, எதிராகப் பயன்படுமா? கீழே தொழில், மேலே குடித்தனம் என்று இருப்பவரை முழு வணிகமாகப் பதிந்துவிட்டால், வீட்டுக்கான தகுதியை அவர் இழப்பாரா?

மறுசீரமைப்பு எங்கள் வேலையல்ல, அது வேறு அமைப்பு என்று மாநகராட்சி சொல்லக்கூடும். அந்தப் பதில் செல்லாது. மறுசீரமைப்பை நடத்துவது மாநில அரசின் கீழ் உள்ள அமைப்பு. மாநகராட்சியின் ஆணையரை நியமிப்பதும் அதே மாநில அரசு. வரி போடும் பதிவேடும் தகுதி பார்க்கும் பதிவேடும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று ஓர் உத்தரவு போட அந்த அரசுக்கு ஒரு நாள் போதும்.

சேவைக்கு வருவோம். மும்பையில் கட்டடங்களில் வாழ்பவருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசைப் பகுதியில் வாழ்பவருக்கு 45 லிட்டர் என்பதுதான் மாநகராட்சி வைத்திருக்கும் தண்ணீர் அளவுகோல். வரியில் சமத்துவம் வேண்டும் என்பவர்கள் முதலில் இந்த அளவுகோலை மாற்றட்டும். தண்ணீர் என்பது வாழும் உரிமையின் பகுதி, குடியிருப்பு சட்டப்படியானதா இல்லையா என்பதைக் காரணம் காட்டி அதை மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரிலேயே தீர்ப்பளித்தது. அதற்கேற்ற கொள்கையை மாநகராட்சி அறிவிக்க 2022 மே வரை ஆனது. குடிநீர் இணைப்பு தர ஏழரை ஆண்டு யோசித்த நிர்வாகம், வரி பில் தர ஏழு மாதம்கூட யோசிக்கவில்லை என்றால் மக்கள் என்ன நினைப்பார்கள்? பொதுக் கழிவறை வரிசை, மழைக்கு நிரம்பும் வடிகால், சந்துக்குள் நுழைய முடியாத குப்பை வண்டி ஆகியவற்றைப் பற்றித் தாராவி அடங்கிய ஜி நார்த் வார்டு அலுவலகத்தில் மனு கொடுத்து அலுத்தவர்கள்தான் அந்த வரியைக் கட்டப்போகிறவர்கள்.

குப்பைக்குப் பயன்பாட்டுக் கட்டணம் விதிக்கலாமா என்றும் மாநகராட்சி அப்போது சட்ட ஆலோசனை கேட்டிருந்தது. நகரம் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கையும் அட்டையையும் தகரத்தையும் 13 காம்பவுண்ட் தொழிலாளர்கள் பிரித்து, உருக்கி, மறுபடியும் பொருளாக்குகிறார்கள். அவர்கள் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டால் எத்தனை லாரிக் குப்பை கூடுதலாகக் குப்பைமேட்டுக்குப் போகும்? அந்த உழைப்பை வரவுக் கணக்கில் எழுதாமல், அவர்களை வரி பாக்கி உள்ளவர்களாக மட்டும் பார்ப்பது நன்றியுள்ள நகரத்தின் செயலாகாது.

குப்பைமேடு என்றதும் செம்பூர் வாசகர்களுக்கு தேவ்னார் நினைவுக்கு வரும். 1927 முதல் நகரத்தின் குப்பையைச் சுமந்த அந்த இடத்தில் 124 ஏக்கரை, தாராவியில் தகுதி பெறாதவர்களின் வீடுகளுக்காக ஒதுக்க மாநில அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. செம்பூருக்கு அடுத்த மாஹுலில் என்ன நடந்தது என்பதை நகரம் மறக்கவில்லை. தான்சா குடிநீர்க் குழாய் ஓரம் இருந்தவர்களை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் கொண்டுபோய் வைத்தார்கள். நோயும் மூச்சுத் திணறலும் தாங்காமல் மக்கள் போராடினார்கள். அங்கேதான் வாழ வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற முடிவுக்கு 2019இல் உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. இன்று வரி கட்டி, நாளை தேவ்னாருக்கு அனுப்பப்படும் தோல் தொழிலாளி அங்கே யாருக்காகத் தைப்பார்? தாராவியில் தோல் விற்பவர், வெட்டுபவர், தைப்பவர், ஜிப் விற்பவர், வாங்கிப் போகும் வியாபாரி எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள். அந்த அருகாமைதான் அங்கே முதலீடு. வரி விதிக்கத்தக்க வருமானம் அந்த இடத்தில்தான் பிறக்கிறது என்றால், அந்த இடத்தில் நீடிக்கும் உரிமையையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த வரி அறிவிக்கப்பட்டபோது இந்தக் கேள்விகளையெல்லாம் மன்றத்தில் எழுப்ப யார் இருந்தார்கள்? மும்பை மாநகராட்சியின் 227 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச் 7ஆம் தேதியோடு முடிந்தது. இதர பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு, வார்டு எல்லை மறுவரையறை ஆகிய வழக்குகளின் பெயரால் தேர்தல் 2026 ஜனவரி வரை தள்ளிப்போனது. வரியை அறிவித்தபோது மேயர் இல்லை, நிலைக்குழு இல்லை. ஆணையர் தயாரித்த திட்டத்தை நிர்வாகி என்ற பெயரில் அவரே ஏற்றார். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 243-யு பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டிலும் இந்தக் கொடுமையைப் பார்த்தோம்: 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னை மாநகராட்சி தனி அலுவலர் கையில் இருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரைக் கேட்பது என்று தெரியாமல் மக்கள் திகைத்த காலம் அது. தாராவியில் இன்று பிரச்சினை தெருவிளக்கைவிடப் பெரியது. புதிய வரி ஒன்றை, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட விவாதிக்காமல், ஏழைகள் மீது விதிக்க எந்த அதிகாரிக்கும் தார்மீக உரிமை கிடையாது. கக்ராணி திறமையான அதிகாரியாகவே இருக்கலாம். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு அவர் நம் சந்துக்கு வரப்போவதில்லை.

இதே மாநகராட்சியால் தாராவியோடு சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பதற்கும் சான்று உண்டு. 2020 ஏப்ரல் 1ஆம் தேதி அங்கே முதல் கொரோனா தொற்று தெரிந்தபோது, பிணங்கள் குவியும் என்று உலகமே பேசியது. ஜி நார்த் வார்டு அதிகாரிகள் உள்ளூர்த் தனியார் மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். சங்கங்களும் தொண்டர்களும் சோறு கொடுத்தார்கள். அந்த ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியை முன்னுதாரணமாகச் சொன்னார். மக்களை நம்பி, அவர்களிடம் விளக்கம் சொல்லி, அவர்களுக்கும் பங்கு கொடுத்ததால் வந்த வெற்றி அது. நோயை அளக்கப் பயன்பட்ட அந்த அணுகுமுறையை வரியை அளக்கவும் பயன்படுத்தலாம்.

எனவே ஆணையரிடமும் மாநில அரசிடமும் நாம் கேட்பது இவைதான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் விவாதித்து முடிவெடுக்கும் வரை இந்த வரியை நடைமுறைப்படுத்தாதீர்கள். அதற்கு முன்பு, எந்த இடத்துக்கு எவ்வளவு, எந்த அடிப்படையில் என்பதைத் தமிழ், இந்தி, மராத்தி, உருது மொழிகளில் வார்டு அலுவலகங்களில் ஒட்டி, ஆட்சேபணை கேளுங்கள். குடும்பத் தொழிலிடங்களுக்குப் பரப்பளவு வரம்பு வைத்து விலக்கு தாருங்கள். வரி ரசீதையும் அளவீட்டுப் பதிவையும் மறுசீரமைப்பில் தொழிலிடத்துக்கான சான்றாக ஏற்போம், அவற்றை வைத்து எவருடைய வீட்டுத் தகுதியையும் குறைக்க மாட்டோம் என்று அரசாணை வெளியிடுங்கள். குடிசைப் பகுதியில் வசூலாகும் ஒவ்வொரு ரூபாயும் அதே வார்டின் தண்ணீருக்கும் கழிவறைக்கும் சாக்கடைக்கும் செலவாகும் வகையில் தனிக் கணக்கு வையுங்கள்.

350 கோடி என்பது 74,427 கோடியில் அரை சதவீதத்துக்கும் குறைவு. அந்தத் தொகை வராவிட்டால் கடற்கரைச் சாலை நின்றுவிடாது. ஆனால் தாராவியின் சிறு பட்டறைக்காரருக்கு அதில் அவர் பங்கு முழு ஆண்டின் சேமிப்பு. தாராவித் தமிழர் சங்கங்கள் இப்போதே கூடி, ஒவ்வொரு சந்திலும் உள்ள தொழிலிடங்களைத் தாங்களே பட்டியலிட்டு, எழுத்தில் ஆட்சேபணை தர வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழர்கள் இதைத் தாராவியின் தனிப் பிரச்சினை என்று ஒதுக்காமல் அவர்களோடு நிற்க வேண்டும். இந்த நகரத்துக்கு வரி கட்டத் தாராவி தயங்காது. அந்த வரியைக் கட்டுபவர் இந்த நகரத்தின் குடிமகன் என்று மாநகராட்சி முதலில் எழுதித் தரட்டும்.