காட்டுப் பாதையில் கைத்துப்பாக்கி எதற்கு?

2014 ஜனவரி மாதத்தை உதகை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தொட்டபெட்டாவை ஒட்டிய சிற்றூர்களில் ஒரு புலி அடுத்தடுத்து மூவரைக் கொன்றது. பள்ளிகள் மூடப்பட்டன. தேயிலை பறிக்கச் செல்வோர் வீட்டிலேயே முடங்கினர். பல நாள் தேடுதலுக்குப் பிறகு ஜனவரி 22-ஆம் தேதி குந்தசப்பை அருகே அந்தப் புலி சுட்டுக் கொல்லப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பின், கூடலூர், மசினகுடி பகுதிகளை அச்சத்தில் ஆழ்த்திய டி23 என்ற புலி, 21 நாள் தேடுதலுக்குப் பின்னர் 2021 அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிருடன் பிடிக்கப்பட்டது. அதை உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் அறிவுறுத்தியிருந்தது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் சமவெளியிலிருந்து மலையேற்றத்துக்கும் கூடார வாசத்துக்கும் வருவோர் சிலரிடம் ஒரு கேள்வி எழுகிறது. தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கியைப் பிறர் அறியாமல் உடன் எடுத்துச் சென்றால் என்ன? தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி வைத்திருக்க 2010 முதல் சட்டம் இடமளிக்கும் அமெரிக்காவில் இது அன்றாடப் பேச்சு. அங்கிருந்து வரும் காணொளிகள் இங்குள்ள இளைஞர்களையும் ஈர்க்கின்றன. எனவே, அந்தக் கேள்வியை நீலகிரியின் மண்ணில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் இதற்கான சிறைத் தண்டனை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது; ஐந்து ஆண்டுகள் வரை நீளலாம். உரிமம் பெற்றவர் தன் துப்பாக்கியைப் பொது இடத்தில் முழுவதும் மூடிய உறையில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. அதாவது, கண்ணில் படாமல் எடுத்துச் செல்வது இங்கே உரிமம் பெற்றவரின் கடமை. உரிமம் இல்லாதவருக்கு அது ஒருபோதும் தப்பிக்கும் வழியாகாது. உரிமம் எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும். மூன்று மாநிலங்கள் சந்திக்கும் நீலகிரியில் இது மிக முக்கியம். கேரளத்திலோ கர்நாடகத்திலோ மட்டும் செல்லும் உரிமத்துடன் சோதனைச் சாவடியைக் கடப்பவர், உரிமமே இல்லாதவரின் நிலைக்கு வந்துவிடுகிறார்.

அதைவிடக் கடுமையானது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முன் அனுமதியை எழுத்து வடிவில் பெறாமல் எந்த ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இதே தடை உண்டு. முதுமலையும் முக்குருத்தியும் இதில் அடங்கும். 'ஆயுதம்' என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் பொருள் மிக விரிவானது. துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா, கத்தி, வலை, கண்ணி எல்லாம் அதற்குள் வந்துவிடுகின்றன. சரணாலயத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய துப்பாக்கி உரிமம் வழங்குவதற்கே தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவு தேவை. நீலகிரி மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தால் இந்தச் சுற்றளவு எவ்வளவு நிலத்தைத் தன்னுள் கொண்டுவரும் என்பது விளங்கும்.

உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். தன்னையோ பிறரையோ காக்க, நல்லெண்ணத்துடன் ஒரு வனவிலங்கைக் கொல்வதோ காயப்படுத்துவதோ குற்றமாகாது என்று அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால், அடுத்த வரியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த வேளையில் இச்சட்டத்தை மீறிய செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைந்து, அனுமதியின்றிக் கொண்டுவந்த துப்பாக்கியால் சுட்டவர், தற்காப்பு என்ற வாதத்தை முன்வைக்கும் தகுதியை அப்போதே இழந்துவிடுகிறார். புலி, யானை, காட்டெருமை போன்ற முதல் அட்டவணை விலங்குகளைக் கொன்றால், மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை காத்திருக்கிறது.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, பயனை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் விடை மாறுவதில்லை. நம் நாட்டில் ஒரு சாதாரணக் குடிமகன் உரிமம் பெற்று வாங்கக்கூடிய கைத்துப்பாக்கி பெரும்பாலும் .32 அளவுடையது. அதைவிடப் பெரிய கைத்துப்பாக்கிகளில் பல தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. நீலகிரியின் பாதைகளில் எதிர்ப்படுவதோ நான்கைந்து டன் எடையுள்ள ஆண் யானை. ஒரு டன்னை எட்டும் காட்டெருமை. தேயிலைப் புதருக்குள்ளிருந்து சில அடி தொலைவில் எழும் கரடி. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நேரத்தில், உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து, குறிபார்த்துச் சுடும் அவகாசம் யாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்தச் சிறு குண்டு யானையை நிறுத்தாது. அதற்கு வலியை உண்டாக்கும், அவ்வளவே. அந்தப் பனிக்குள் அசைவது விலங்கா, விறகு பொறுக்க வந்த பெண்ணா, தேன் எடுக்கச் செல்லும் குறும்பரா என்பதுகூடத் தெரியாது.

துப்பாக்கிப் புழக்கம் மிகுந்த அலாஸ்காவிலேயே கரடித் தாக்குதல்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் வைத்திருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே நேர்ந்த விளைவுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை. அங்கே பெரிய துப்பாக்கிகளும் பழகிய கைகளும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியது குண்டு பட்ட பின் நேர்வதைத்தான். சுட்டவர் ஞாயிற்றுக்கிழமை மாலை மேட்டுப்பாளையம் இறங்கிவிடுவார். காயம்பட்ட விலங்கு அங்கேயே இருக்கும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் செல்லும் தொழிலாளியே அதன் எதிரில் நிற்பார். பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய யானைகள் எப்படி அலைந்து மடிகின்றன என்பதை இம்மலையடிவார மக்கள் பார்த்திருக்கிறார்கள். 2021 ஜனவரியில் மசினகுடியில், ஏற்கெனவே முதுகில் புண்ணுடன் திரிந்த யானை மீது எரியும் டயரை எறிந்த காட்சியை நாடே கண்டு பதறியது. அந்த யானை உயிர் பிழைக்கவில்லை. கையில் ஏதோ ஒன்று இருக்கும்போது அச்சம் எவ்வளவு விரைவில் கொடுமையாக மாறும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அண்டையிலுள்ள குடகில் ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறதே என்று சிலர் சுட்டிக்காட்டுவார்கள். ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொடரும் அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரை நீட்டித்திருப்பது உண்மை. ஆனால், அது கொடவர்களின் மரபையும் அவ்வூரின் பழைய நில உரிமை முறையையும் ஒட்டிய தனி ஏற்பாடு. வேட்டையாட அது அனுமதி தரவில்லை. வெளியூர்ப் பயணிக்கும் அதில் இடமில்லை.

நீலகிரியின் மரபு வேறு. இங்கே துப்பாக்கிக்குக் கடிவாளம் போட்டவர்களே வேட்டைக்காரர்கள்தாம். வரையாடும் கடமானும் கண்முன்னே குறைந்துவருவதைக் கண்ட ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் 1877-இல் ஒரு சங்கம் அமைத்தனர்; 1879-இல் இம்மலைக்கென்றே வேட்டை, மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தங்கள் வேட்டைச் சுகம் கெடக் கூடாது என்பதே அவர்களுடைய முதல் கவலையாக இருந்திருக்கலாம். ஆயினும், கட்டுப்பாடற்ற துப்பாக்கி இம்மலையை வெறுமையாக்கிவிடும் என்பதை அவர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தனர்.

அப்படியானால் மலையேற விரும்புவோருக்கு என்ன பாதுகாப்பு? 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 உயிர்களைப் பறித்தபோதே அதற்கான விடை கிடைத்துவிட்டது. அங்கே உயிர்களைக் குடித்தது விலங்கு அன்று. பருவம் தெரியாமல், முறையான அனுமதியும் வழிகாட்டலும் இல்லாமல் சென்ற பயணம். அதன் பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் மாநிலம் முழுவதும் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. நீலகிரியில் லாங்வுட் சோலை, கெய்ர்ன் மலை போன்ற பாதைகளில் வனத்துறையின் அனுமதியும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் கிடைக்கின்றனர். காற்றின் திசை பார்த்து நடப்பவர், புதிய சாணத்தைக் கண்டதும் நிற்பவர், லங்கூரின் எச்சரிக்கைக் குரலுக்குப் பொருள் தெரிந்தவர் ஒருவர் முன்னால் நடப்பதைவிட மேலான ஆயுதம் காட்டில் வேறில்லை. உணவை வெளியே வைக்காதிருப்பது, இருட்டிய பின் நடக்காதிருப்பது, விலங்குக்கு வழிவிட்டு விலகுவது ஆகிய மூன்றையும் கடைப்பிடித்தாலே பெரும்பாலான ஆபத்துகள் நீங்கிவிடும். அனுமதியற்ற கூடார முகாம்களை விளம்பரப்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுப்பதும் அரசின் கடமை.

அதைவிடப் பெரிய கடமை ஒன்று இருக்கிறது. பயணி தன் விருப்பத்தால் காட்டுக்கு வருகிறார். தொழிலாளியும் பழங்குடியினரும் அங்கேயே வாழ்கின்றனர். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் விலங்குகளால் உயிரிழப்போர் அவர்கள்தாம். அவர்களில் எவரும் இடுப்பில் துப்பாக்கியுடன் வேலைக்குப் போவதில்லை. அவர்கள் கேட்பது தெருவிளக்கு, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, விடியுமுன் நடக்க வேண்டியிராத பேருந்து, தாமதமின்றிக் கிடைக்கும் இழப்பீடு. யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும் எச்சரிக்கை விளக்காலும் முன்கூட்டியே அறிவிக்கும் முறை வால்பாறைத் தோட்டங்களில் உயிர்களைக் காத்திருக்கிறது. அதை நீலகிரியின் ஒவ்வொரு தோட்டக் குடியிருப்புக்கும் கொண்டுவர வேண்டும்.

காட்டுக்குள் எதையாவது மறைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்று நினைப்பவர், அங்கே ஆண்டு முழுவதும் வெறுங்கையுடன் நடப்பவர்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். தன் ஒருநாள் அச்சத்தின் விலையை அவர்கள் தலையில் சுமத்த எந்தப் பயணிக்கும் உரிமை இல்லை.