பழைய பிக்கப் வண்டிக்கு டிஸ்க் பிரேக் மாற்றலாமா?

‘‘எங்களிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று உள்ளது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். காய்கறி, மணிலா மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போகிறோம். பலா சீசனில் ஜமுனாமரத்தூர் வரை போய் லோடு ஏற்றி வருகிறோம். சில மாதங்களாக, பிரேக்கை இரண்டு முறை மிதித்தால்தான் வண்டி நிற்கிறது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?’’

- வாசகர், அடி அண்ணாமலை.

மாற்றலாம். ஆனால், இப்போதுள்ள கோளாறுக்கு அது மருந்து அல்ல. இருக்கிற பிரேக்கை முழுமையாகச் சரிசெய்த பிறகுதான் டிஸ்க் பற்றி யோசிக்க வேண்டும். பழுதான மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு புது டிஸ்க் மாட்டினாலும், வண்டி நிற்காது.

பெடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் மிதியில் கீழே போய், இரண்டாவது மிதியில் பிடித்தால், பெரும்பாலும் லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கிறது என்று அர்த்தம். முதல் மிதி அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிவிடுகிறது. லைனிங் மீதம் இருந்தால் அட்ஜஸ்ட் செய்தாலே போதும். இல்லையென்றால் மாற்ற வேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால், பைப்பில் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், எங்காவது ஆயில் கசிகிறது. வெளியே கசிவு தெரியவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. இது மூன்றிலும் மோசமானது. அந்த நிலையில் வண்டியை ரோட்டுக்கு எடுக்கவே கூடாது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம், அல்லது லைனிங்கில் ஆயில் பட்டிருக்கலாம். பின்பக்க ஆக்ஸிலில் உள்ள ஆயில் சீல் தேய்ந்தால், கியர் ஆயில் கசிந்து நேராக பிரேக் ஷூவில்தான் இறங்கும். அப்படி ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி, உப்புத்தாள் போட்டுத் திரும்ப மாட்டுவது பல இடங்களில் நடக்கிறது. பயன் இல்லை. சூடானதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். முதலில் சீலை மாற்றி, பிறகு இடது, வலது இரண்டு பக்கமும் புது லைனிங் போட வேண்டும். டிரம்மை லேத்தில் கடைசல் போடுவதற்கும் எல்லை உண்டு. பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் டிரம்மையே மாற்றத்தான் வேண்டும்.

பூஸ்டர் உள்ள வண்டி என்றால், அதை வீட்டிலேயே சோதிக்கலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு, நான்கைந்து முறை பிரேக்கை மிதித்து, காலை எடுக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் பூஸ்டர், அதன் ஹோஸ், வாக்குவம் பம்ப் மூன்றையும் பார்க்க வேண்டும். பல டீசல் வண்டிகளில் இந்த பம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருக்கும்.

அடுத்தது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். புதிய டாட்-3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த பிறகு அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட்-4 என்றால் 230, ஈரம் சேர்ந்தால் 155. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவி உண்டானால், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுவதும், காற்று எடுக்கும்போது வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாமல் இருப்பதும் அவசியம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால், ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் பாழாகும்.

சரி, டிஸ்க்குக்கு வருவோம். பிரேக் செய்கிற வேலை, ஓட்டத்தைச் சூடாக மாற்றுவதுதான். வண்டியும் லோடுமாக 3 டன் எடை, 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் உண்டாகும் சூடு, சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் இன்னும் கீழே போகும். டிஸ்க் திறந்த வெளியில் இருப்பதால் சீக்கிரம் ஆறும், ஓடை தாண்டி நனைந்தாலும் சட்டென்று காயும். மலைக்குப் போகும் வண்டிக்கு டிஸ்க் நல்லது என்பது உண்மைதான்.

ஆனால், அதை ஒரு செட்டாக மாற்ற வேண்டும். அதே கம்பெனியின், அதே எடை வகையில் டிஸ்க்குடன் வந்த பிந்தைய மாடலின் ஹப், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் ஆகிய எல்லாம் சேர்ந்து வர வேண்டும். டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில், பைப்பில் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்குக் கொடுத்தால், காலை எடுத்த பிறகும் பேட் உரசிக்கொண்டே இருக்கும். காலிப்பருக்கு ஆயிலும் அதிகம் தேவை. சிலிண்டர் சிறியதாக இருந்தால் பெடல் ஆழமாகப் போகும். பழைய ரிம் காலிப்பரில் இடிக்கிறதா என்பதையும் முன்பே பார்க்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஒன்று, இன்னொரு வண்டியில் ஒன்று எனப் பொறுக்கிச் சேர்த்து மாட்டுவதைவிட, நல்ல டிரம் பிரேக்கே மேல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. எனவே, வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. எஃப்.சி நாளில் பிரச்னை வராது.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள பிக்கப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு விஷயம். பல வண்டிகளில் பின் ஆக்ஸிலுக்கு மேலே, கம்பியோடு இணைந்த ஒரு வால்வு இருக்கும். லோடு ஏறி வண்டி தாழ்ந்தால், அது பின்சக்கரத்துக்கு அதிக பிரேக் கொடுக்கும். கூடுதல் மூட்டை ஏற்றுவதற்காக ஸ்பிரிங்கில் இன்னொரு பட்டை சேர்த்தால், வண்டி தாழாது. வால்வு, வண்டி காலியாக இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். லோடு கூடும், பின் பிரேக் கூடாது. பட்டை சேர்த்தவர்கள் இந்த வால்வையும் செட்டிங் செய்தாக வேண்டும், பலர் செய்வதில்லை.

வேலை நடக்கும்போது டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ, காற்று அடித்தோ ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம். உதிரிபாகத்தை பில்லோடு வாங்க வேண்டும். பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962-ல் தொடங்கப்பட்டது சென்னை பாடியில்தான். நம் மாநிலத்திலேயே தரமான பாகம் தயாராகும்போது, பெயர் தெரியாத பெட்டியை வாங்க வேண்டியதில்லை.

மலையில் எந்த கியரில் ஏற வேண்டியிருந்ததோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று இன்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால், பூஸ்டரும் கைகொடுக்காது. அடி அண்ணாமலை வண்டிக்கு இறக்கம் இல்லாத ரோட்டிலும் ஆபத்து உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடியலுக்கு முன்பே ஆட்கள் வெறுங்காலோடு நடப்பார்கள். காய்கறி வண்டி கிளம்புவதும் அதே நேரம்தான்.

வேலை முடிந்ததும் காலி வண்டியை, ஆளில்லாத களத்திலோ மைதானத்திலோ 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, நிறுத்திப் பார்க்க வேண்டும். நேராக நின்றால் 30-க்குப் போகலாம். புது லைனிங் டிரம்மோடு படிய முதல் 200, 300 கிலோமீட்டர் ஆகும். அதுவரை முழு லோடும் வேண்டாம், ஜமுனாமரத்தூரும் வேண்டாம்.