வாய் துர்நாற்றம்: முகம் சுளிக்கும் முன் காரணத்தைக் கேட்போம்



அன்பிற்குரிய பெற்றோர்களே! ராயபுரத்தில் நமது மதரஸாவின் மாலை வகுப்புக்கு வரும் மாணவர் ஒருவர், சில மாதங்களாக வாயைக் கையால் மறைத்துக்கொண்டே குர்ஆன் ஓதி வந்தார். பக்கத்துப் பிள்ளைகள் விலகி அமர்ந்தனர். "உளூச் செய்யும்போது ஒழுங்காக வாய் கொப்பளித்து வா" என்று அனைவர் முன்னிலையிலும் நாமும் கடிந்துகொண்டோம். மறுநாள் அவர் வரவில்லை. வீடு தேடிச் சென்ற பிறகே உண்மை தெரிந்தது. பதினாறு வயதிலேயே மாவாவுக்கு அடிமையாகியிருந்தார். காரமான குழம்பை வாயில் வைத்தாலே எரிந்தது. நாம் நாற்றத்தைக் கண்டோம். நோயைக் காணத் தவறினோம்.

பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். அருகில் நின்று தொழுபவருக்கும் வானவர்களுக்கும் தொல்லை தரலாகாது என்பதே அதன் நோக்கம். அந்த ஹதீஸைச் சொல்லி ஒருவரை அவமானப்படுத்துவோர், உமர் (ரலி) அவர்கள் காட்டிய வழியை மறந்துவிடுகின்றனர். உண்ண விரும்புவோர் அவற்றைச் சமைத்து வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்றார்கள் அவர்கள். விரட்ட வேண்டியது வாடையைத்தான், மனிதரை அல்ல.

வாய் துர்நாற்றம் பெரும்பாலும் வாயிலேயே பிறக்கிறது. நாக்கின் பின்பகுதியிலும் பல் இடுக்குகளிலும் தங்கும் உணவுத் துகள்களைக் கிருமிகள் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிப்படுகின்றன. உமிழ்நீர் குறைந்தால் நாற்றம் மிகும். துறைமுகத்தில் இரவுப் பணி செய்வோரும், எண்ணூர் சாலையில் மணிக்கணக்கில் காத்துக் கிடக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களும் தண்ணீரைக் குறைத்துத் தேநீரிலேயே நாளைக் கழிப்பதுண்டு. அவர்களுக்கு வாய் வறண்டுபோவதில் வியப்பில்லை. ஈறு நோய், சொத்தைப் பல், இரவிலும் கழற்றாத பல்செட், சைனஸ், கட்டுப்படாத சர்க்கரை நோய் ஆகியவையும் காரணமாகலாம். ஏலக்காயும் புதினா மிட்டாயும் வாடையைச் சற்று நேரம் மறைக்கும், காரணத்தை நீக்கா.

மிஸ்வாக்கை நபியவர்கள் எந்த அளவு நேசித்தார்கள்! இரவில் எழுந்தாலும், வீட்டினுள் நுழைந்தாலும் பல் துலக்கினார்கள். மிஸ்வாக்கின் நுனி அவர்களது நாவின்மீது இருந்ததைக் கண்டதாக அபூ மூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். நாக்கையும் சுத்தம் செய்யுங்கள் என்றுதான் இன்றைய பல் மருத்துவரும் சொல்கிறார். நோன்பாளியின் வாய் வாடைக்கு அல்லாஹ்விடம் தனிச் சிறப்பு உண்டு. ஆயினும் ஸஹருக்குப் பின் பல் துலக்காமல் இருக்க அதைச் சாக்காக்க வேண்டாம்.

இனி மாவாவுக்கு வருவோம். சீவல் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் தேய்த்துச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் விற்கின்றனர். காசிமேடு முதல் திருவொற்றியூர் வரை இதை அறியாத தெரு அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு மட்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் எனத் தனது 2004ஆம் ஆண்டு அறிக்கையில் வகைப்படுத்தியது. பாக்கினால் கன்னத்தின் உட்சதை இறுகி, வாய் திறப்பதே சுருங்கிப்போகும். அது புற்றுநோய்க்கு முன்னோடியான நிலை.

தமிழக அரசு 2013 மே மாதம் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை விதித்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை ரத்து செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சட்டம் தேவைதான். ஆனால் பிள்ளையின் சட்டைப்பையைச் சட்டம் வந்து பார்க்காது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

ஆகவே பெற்றோர்களே, காலையும் உறங்குமுன்னும் பல் துலக்கவும், நாக்கை மென்மையாக வழிக்கவும், பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யவும், போதிய தண்ணீர் அருந்தவும் பிள்ளைகளைப் பழக்குங்கள். வளர்ந்த பிள்ளையின் வாயில் அவனது மூன்று விரல்கள் செங்குத்தாக நுழைகின்றனவா எனப் பாருங்கள். நுழையாவிட்டாலும், காரம் எரிந்தாலும், வெண்திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தாலும், ஈறில் இரத்தம் கசிந்தாலும் தாமதிக்க வேண்டாம். ஸ்டான்லி மருத்துவமனையும், கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன.

யாரிடமேனும் துர்நாற்றம் உணர்ந்தால் தனியே அழைத்து, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். முஃமின் முஃமினுக்குக் கண்ணாடி அல்லவா? கண்ணாடி எதிரே நிற்பவருக்குத்தான் குறையைக் காட்டும்; ஊரைக் கூட்டாது.

அந்த மாணவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவரது தந்தையுடன் மருத்துவரிடமும் சென்றோம். இறுகிய சதை முழுவதும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது, ஆனால் இப்போதே விட்டால் மேலும் கெடாமல் காக்கலாம் என்றார் மருத்துவர். அவர் மாவாவை விட்டு நான்கு மாதங்களாகின்றன. இப்போது முன்வரிசையில் அமர்ந்து, கையை எடுத்துவிட்டு ஓதுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

நம் பிள்ளைகளின் நாவுகளையும் வாய்களையும் அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.