சொந்தச் செலவில் சுக்கினி

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களே, இன்று உங்களோடு ஒரு சண்டை. மொட்டை மாடியில் வரிசையாக அடுக்கியிருக்கும் க்ரோ பேகில் சுக்கினி போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆரியசாலையில் குடியிருக்கிறோம். நாலு எட்டு நடந்தால் சாலைக் கடைத்தெரு. இங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு சுக்கினிக்காக நம் ஆட்கள் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

"விஷமில்லாத காய் சாப்பிடணும் சார்" என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இந்தப் பயம் எப்படி வந்தது? 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து என்று கேரளாவில் பெரிய அமளி. உணவுப் பாதுகாப்புத் துறையும் களத்தில் இறங்கியது. அதிலிருந்து டிபன் பாக்ஸைத் திறந்தாலே "உங்க ஊர்க் காயா?" என்று ஒரு குத்தல். நம்ம விவசாயி மருந்தே அடிப்பதில்லை என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் விஷத்துக்கு மாநில எல்லை கிடையாது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை, இருபது வருடத்துக்கும் மேலாக, ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது தமிழ்நாட்டுக்காரன் இல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி பிரியும்வரை திருவிதாங்கூருக்கு நெற்களஞ்சியமே நாஞ்சில் நாடுதான். இதில் உங்க ஊர் எது, எங்க ஊர் எது?

போகட்டும். குத்தலால் வந்தாலும் மாடித் தோட்டம் நல்ல விஷயம். நான் கேட்பது, அதில் ஏன் சுக்கினி?

நான் பி.காம் படித்தவன், பாங்க்கில் லோன் பேப்பர் பார்ப்பவன். ஆளின் தகுதி பார்க்காமல் கடன் கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சுக்கினியின் தகுதியைப் பார்ப்போமா?

ஒன்று, வெயில். அது மிதமான குளிர்ச்சியில் செழிக்கும் செடி. நம்ம ஊரில் வருடம் முழுக்கப் பகல் 30 டிகிரியைச் சுற்றித்தான். சூடு கூடினால் ஆண் பூவாகத் தள்ளும், பெண் பூ குறையும்.

இரண்டு, மகரந்தம். பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். அதற்குள் தேனீ வர வேண்டும். நாலாவது மாடிக்குத் தேனீ வராவிட்டால், ஆபீஸ் போகும் அவசரத்தில் நீங்களே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவ வேண்டும். இல்லையென்றால் பிஞ்சு அழுகி உதிரும்.

மூன்று, மழை. இடவப்பாதி ஒன்று, துலாவர்ஷம் ஒன்று என்று இரண்டு மழை. அந்த ஈரத்தில் இலையில் சாம்பல் நோய், காயில் பழ ஈ. கடைசியில் எந்த மருந்துக்குப் பயந்து தோட்டம் போட்டோமோ, அதையே வாங்கி வந்து அடிக்கிறோம். வாராக்கடனை அடைக்க இன்னொரு கடன் கொடுக்கிற கதை!

"சர்க்கரைக்கு நல்லதாமே" என்று தங்கமணிகள் தரப்பில் ஒரு வாதம் வரும். 100 கிராம் சுக்கினியில் சுமார் 17 கலோரி, 3 கிராம் மாவுச்சத்து. சுரைக்காயில் சுமார் 14 கலோரி, மாவுச்சத்து அதே 3 கிராம் சொச்சம். இதற்கா இத்தனை அலட்டல்?

வெளிநாட்டுக் காய் என்பதால் எதிர்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். மிளகாயும் தக்காளியும் எங்கிருந்து வந்தன? இதே திருவனந்தபுரத்தில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, தென்னமெரிக்கக் கிழங்கான மரச்சீனியைப் பரப்பினார். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் ஜனங்களின் வயிற்றைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். அது இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஒத்துப்போனது. சுக்கினி ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான் என் வழக்கு.

ஒத்துப்போகிறவை எத்தனையோ இருக்கின்றன. கோவைக்காய்க்கு விதைகூட வேண்டாம், பக்கத்து வீட்டில் ஒரு தண்டு ஒடித்து நட்டால் போதும். புடலம்பூ இரவில் விரியும், அந்துப்பூச்சி வந்து மகரந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழ ஈ புடலையையும் பாகலையும் தொடும்தான், ஆனால் பிஞ்சிலேயே காகிதம் சுற்றிக் காப்பாற்றிவிடலாம். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்தச் சூழலுக்கென்றே ரகங்கள் கொடுத்திருக்கிறது: புடலையில் கௌமுதி, பாகலில் ப்ரீதி, கோவையில் சுலபா, சிவப்புக் கீரையில் அருண். அதன் கல்லூரி வெள்ளாயணியில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

எனக்குக் கோபம் சுக்கினி மேல் இல்லை. அது செத்த பிறகு நடப்பதன் மேல். இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றிய பிள்ளை, "அப்பா, நம்ம வீட்ல எதுவும் வராதுப்பா" என்று முடிவு கட்டிவிடுகிறது. க்ரோ பேக் பரணுக்குப் போகிறது. அந்தப் பிள்ளையின் கையில் முதலில் ஒரு கீரை விதையைக் கொடுத்திருந்தால் நாலு வாரத்தில் அறுத்துக் கூட்டு வைத்திருக்கலாமே!

டிஸ்கி: லண்டன், டொராண்டோ நண்பர்கள் கோபிக்க வேண்டாம். உங்கள் கோடைக்கு ஏற்ற காய் சுக்கினிதான். தாராளமாகப் போடுங்கள், கூட்டு வையுங்கள். ஆனால் கசந்தால் துப்பிவிடுங்கள். 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட 79 வயதுப் பெரியவர் இறந்தே போனார். கசப்புச் சுரைக்காய்க்கும் இதே எச்சரிக்கைதான். அப்புறம், அந்தக் குளிரில் முருங்கை மரம் வளர்க்கிறேன் என்று அடம் பிடிக்கிறீர்களே, அதற்குத் தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது :-)