சாயத் தொட்டியில் தீராத உப்பு

திருப்பூர் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாக இறங்கும் வெள்ளைத் தூள்களில் ஒன்று சோடியம் சல்பேட். தண்ணீரில் பருத்தி எதிர்மின்னேற்றம் கொள்ளும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே ஏற்றம்தான். ஒன்றையொன்று தள்ளும் இந்த இரண்டையும் உப்பின் சோடியம் நெருங்கவைக்கிறது. பிறகு சோடா சாம்பலைச் சேர்த்தால் சாயம் இழையோடு பிணைந்துவிடும். கறுப்பு, கருநீலம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போடுவார்கள். வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுநீரில்தான். நுண்ணுயிர்களை விட்டுத் தின்னவைக்கவும் முடியாது, உப்பாயிற்றே! இந்தக் கழிவு கலந்த நொய்யல் ஆற்றோரத்து விவசாயிகளைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவைச் சொட்டுகூட வெளியே விடாத முறையில் தொழில் மும்முரம் காட்டியது.

என்னைக் கேட்டால், சாயத்துக்குச் சோடியம் சல்பேட்டுக்குப் பதிலாகச் சமையல் உப்பைத் தொடவே கூடாது. சமையல் உப்பின் கரைதிறன் சூட்டுக்கும் குளிருக்கும் அதிகம் அசையாது. சோடியம் சல்பேட்டோ, 32 டிகிரி செல்சியஸில் 100 கிராம் தண்ணீரில் 50 கிராம் அளவுக்குக் கரையும்; 0 டிகிரியில் ஏறக்குறைய 5 கிராம்தான். செறிவான கழிவுநீரைக் குளிர்வித்தாலே படிகமாகப் பிரிந்து, மறுபடி தொட்டிக்குத் திரும்பும். இரண்டையும் கலந்துவிட்டாலோ, மிஞ்சுவது வாங்க ஆளில்லாத கலப்பு உப்பு. குளிர்விக்கவும் ஆவியாக்கவும் ஆகும் செலவை இன்று பட்டறைக்காரர் சுமக்கிறார். டி-ஷர்ட்டுக்குக் காசு காசாகப் பேரம் பேசும் வெளிநாட்டு நிறுவனங்கள் அதைத் தங்கள் விலையில் சேர்த்துக் கொடுக்கட்டும்.