மறுமை ஒரு பந்தயமா?

“சாமி உண்டென்றே கும்பிட்டு வைப்போம், இருந்தால் புண்ணியம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை” என்னும் வாதம் படித்தவர்களிடையேயும் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. இதற்குக் கணக்கு வடிவம் தந்தவர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல். அவர் மறைந்தபின் 1670-இல் வெளியான குறிப்புகளில், அளவுடைய இம்மை இன்பங்களைப் பணயமாக, அதாவது ஆட்டத்தில் வைக்கும் பொருளாகக் கொண்டு, அளவற்ற பேரின்பத்தை வெல்ல வாய்ப்பிருக்கும்போது நம்புவதே அறிவுடைமை என்று அவர் வாதிட்டார். பக்திக்குத் துணையாகக் கருதப்படும் இவ்வாதம் உண்மையில் நம்புவோர், நம்பாதோர் ஆகிய இருசாராரையும் சிறுமைப்படுத்துகிறது.

தேர்வுகள் இரண்டே என்பது முதல் பிழை. சென்னைத் தியாகராய நகரிலேயே வெங்கடநாராயணா சாலையில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பெருமாள் கோயிலும், உஸ்மான் சாலையில் சிவா விஷ்ணு கோயிலும், படைத்தவன் என ஒருவனை ஏற்காத சமணரின் வழிபாட்டிடமும், தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் இருக்கையில், எதன்மேல் பணயம் வைப்பது என்பதை இக்கணக்கு சொல்லாது. ஓர் இமாமும் இவ்வாறே வாதிடலாமே என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மெய்யியலாளர் திதரோ சுட்டிக்காட்டினார்.

அளவற்ற ஆதாயம் என்பது அதைவிடப் பெரிய பிழை; ஏனெனில் வாதத்தின் உயிர்நாடியே அதுதான். இந்நாட்டு மரபுகள் பலவற்றில் சுவர்க்கம் நிலையானதன்று. புண்ணியம் தீர்ந்ததும் உயிர் மீண்டும் பிறக்கிறது. எல்லையற்றது வீடுபேறு ஒன்றே. அதுவோ, தன் முயற்சியால் ஆவதொன்றில்லை என்று தன்னை இறைவனிடம் ஒப்படைக்கும் சரணாகதியால் வாய்க்கும் என வைணவமும், திருவருளால் வாய்க்கும் எனச் சைவ சித்தாந்தமும் கூறுகின்றன. இலாபநட்டம் பார்த்துச் செய்யும் சரணாகதி சரணாகதியே அன்று.

நடைமுறைப் பக்தியும் இக்கணக்குக்குள் அடங்குவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் ஒரு நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைத்து, பின்னர் அதை ஏழுமலையான் உண்டியலில் சேர்க்கும் தாய் மறுமையைக் கூட்டிக்கழிப்பதில்லை. வேண்டுதலும் பேரந்தானே எனலாம். ஆனால் கேட்டது கிடைக்காதபோதும் அத்தகையோர் பலர் வழிபாட்டைக் கைவிடாதிருப்பது, அதன் வேர் வேறிடத்தில் இருப்பதைக் காட்டுகிறது. பயனைக் கணக்கிட்டுச் செய்வதற்கும் கணக்கிடாமல் செய்வதற்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதுமன்று. புறநானூற்றின் 134-ஆம் பாடலில் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், வள்ளல் ஆய், மறுமைப் பயனை எண்ணி அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் என்றும், சான்றோர் சென்ற வழி இதுவெனக் கொண்டே கொடுக்கிறான் என்றும் போற்றுகிறார். 222-ஆம் குறளோ, மேலுலகமே கிடையாது என்றாலும் கொடையின் நன்மை குறையாது என்கிறது.

இழப்பேதும் இல்லை என்பதும் பொய். 1930-இல் லாகூர் சிறையில் தூக்குத்தண்டனையை எதிர்நோக்கியிருந்த பகத்சிங், தாம் ஏன் நாத்திகர் என்பதை விளக்கி எழுதிய கட்டுரையில், கடைசி நாள்களில் தன்னலத்துக்காகப் பிரார்த்திப்பது தம்மை இழிவுபடுத்தும் செயல் என்று மறுத்தார். பாஸ்கலின் கணக்குப்படி, சாவின் விளிம்பில் நிற்பவருக்குப் பணயம் ஏறத்தாழ ஏதுமில்லை, ஆதாயமோ அளவற்றது. அந்நிலையிலும் பகத்சிங் கைவிட மறுத்த உள்ள நேர்மைக்கு அக்கணக்கில் என்ன மதிப்புப் போடப்படுகிறது என்பதற்கு, நஷ்டமில்லை என்போரே விடைகூற வேண்டும்.