ஒரு கிலோ இறாலுக்கு ஒன்றேகால் கிலோ மீன்!

நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணை என்றாலே இரண்டு சண்டைதான் ஞாபகம் வரும். ஒன்று நிலம், இன்னொன்று தண்ணீர். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. 2005-ல் தனிச் சட்டமும் ஆணையமும் வந்தன, பண்ணைகள் பதிவு செய்துகொண்டு தொடர்ந்தன. இத்தனை வருடச் சண்டையில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: குட்டைக் கரையில் அடுக்கி வைத்திருக்கும் தீவன மூட்டை.

அதற்குள் சோயா இருக்கிறது, கோதுமை இருக்கிறது, கூடவே மீன் மாவும் இருக்கிறது. மத்தி, நெத்திலி மாதிரி சின்ன மீன்களை வேகவைத்து, பிழிந்து, காயவைத்து அரைத்தது.

கொஞ்சம் கணக்குப் போடலாம் (காமர்ஸ் வகுப்பில் இதற்காவது உபயோகம் இருக்கட்டும்). ஒரு கிலோ வன்னாமி இறால் வளர ஏறக்குறைய ஒன்றரை கிலோ தீவனம். அதில் 20 சதவீதம் மீன் மாவு என்று வைத்தால் 300 கிராம். ஒரு கிலோ மீன் மாவுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை மீன் வேண்டும். ஆக ஒரு கிலோ இறாலுக்குப் பின்னால் ஒன்றேகால் கிலோ மீன்! இதற்குப் பெயர் உற்பத்தியாம். ஏழை வீட்டுக் குழம்பு மீனை ஏற்றுமதி இறாலாக மாற்றுகிறார்கள் என்பதுதான் நேர்மையான பேச்சு.

"அதெல்லாம் கழிசல் மீன்தானே" என்பார்கள். அந்தக் கழிசலில் நாளைக்குப் பெரிதாக வேண்டிய குஞ்சும் கிடக்கிறது. கருவாடு போடும் பெண்களுக்குக் கிடைக்க வேண்டியதும் அதில்தான் இருக்கிறது. சுருக்குமடிக்கு 2000-ல் தமிழகத்தில் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் அனுமதித்தது. இந்த வலைக்காக மீனவ கிராமங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. மீன் மாவு ஆலைக்கு அந்தக் கவலை கிடையாது, எந்த வலையில் வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

அடுத்த சாக்கு, மீன் மாவு இல்லாமல் வளராது என்பது. டெல்டா குளங்களில் கட்லாவும் ரோகுவும் தவிடு, கடலைப் புண்ணாக்கில்தானே வளர்கின்றன? இறாலுக்கு அது போதாது, உண்மை. சோயாவில் மெத்தியோனின் குறைவு, அதைத் தனியாகச் சேர்க்கலாம். ஒமேகா-3 கொழுப்புதான் சிக்கல். ஆனால் மத்திக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது? கடலின் நுண்பாசியிலிருந்து! (பாசி என்றால் அகர் அகர் அல்ல, கண்ணுக்குத் தெரியாத பாசி.) அந்தப் பாசியையே தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுக்க அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2019-ல் ஆலையே திறந்துவிட்டார்கள். நார்வேயின் சால்மன், பிற மீனைத் தின்று வாழும் மீன். அதன் தீவனத்தில் 1990-ல் சுமார் 90 சதவீதம் கடல் சரக்கு, 2020-ல் கால் பங்குக்கும் கீழே. வளராமலா போனது?

பாசி எண்ணெய் விலை அதிகம் என்பது மட்டும் நியாயமான பதில். மானியம் கொடுக்க வேண்டிய இடம் அதுதான். 2012-லிருந்து மீன்வளப் பல்கலைக்கழகமே நாகையில் இருக்கிறது, உள்ளூர்க் குட்டையிலேயே சோதித்துப் பார்க்கட்டும்.

அதுவரை ஒரு சின்ன வேலை. மூட்டை மேல் புரதம் இத்தனை, கொழுப்பு இத்தனை என்று அச்சடிக்கிறார்களே, அந்தப் புரதத்தில் மீன் எவ்வளவு, எந்தத் துறைமுகத்து மீன் என்று கூடுதலாக ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?